கைப்பிடிக்கு நெற்றி எங்கே?

முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது கலகலத்தால் முகம் சுருங்கும். கலகலக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். "சத்தமே இல்லைன்னா உள்ள சாமானே கம்மின்னு அர்த்தம்" என்பது அவர் கட்சி. பிறகு உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டுவார், சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. கடைசியாகக் கன்னத்தில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, அது அதிர்கிறதா என்று பார்ப்பார். இத்தனையும் முடிந்த பிறகுதான் அதை டிவியில் மாட்டுவார். மாட்டினாலும் டிவியைப் பார்க்கமாட்டார்.

அது ஒரு கன்ட்ரோலர். கம்ப்யூட்டரிலும் டிவியிலும் ஆட்டம் ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற சாமான். இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி பிடி, கட்டைவிரலுக்கு இரண்டு குச்சி, நாலு பொத்தான், ஆள்காட்டி விரலுக்கு அடியில் இரண்டு விசை. குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் டிவிக்குள் இருக்கிற ஆள் ஓடுவான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெத்தாச்சி அண்ணன் இதைக் கன்ட்ரோலர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கைப்பிடி என்பார்.

வியட்நாமில், சோலோன் என்கிற சீனர் பேட்டையில், ஒரு டயர் கடைக்கும் சீன மருந்துச் சரக்குக் கடைக்கும் நடுவே கோ ஹான் நடத்துகிற விளையாட்டுக் கூடம் இருக்கிறது. கோ என்பது இந்த ஊரில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். ஆறு டிவி, பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு கைப்பிடி. ஆட வருகிறவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கால்பந்து ஆடுவார்கள். அந்தக் கூடத்து வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதுதான் அண்ணன் கடை. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகக் கூடத்துக் கைப்பிடிகள் பன்னிரண்டும் பழுதில்லாமல் ஓடவேண்டியது அண்ணன் பொறுப்பு. ஓடாவிட்டால் அலமாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். இதற்கு முன்னால் மூன்று இடத்திலிருந்து அப்படிக் கிளம்பியிருக்கிறார்.

"மூணும் ராசியில்லாத எடம்" என்பார் கேட்டால்.

மூன்று இடத்துக்கும் போனது ஒரே ஆள்தான் என்பது அவருக்குத் தோன்றியதில்லை. நானும் எடுத்துச் சொன்னதில்லை. மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், சாப்பிடுகிறவரிடம் எதற்கு வம்பு?

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தேவகோட்டைப் பக்கம். முந்திரிப்பருப்பு வாங்கி அனுப்புகிறேன் என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர். பருப்பு சரிப்படவில்லை. மிளகு சரிப்படவில்லை. கைப்பிடி மட்டும் கையில் நின்றது. நெற்றி நிறையத் திருநீறு, பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். பேச ஆரம்பித்தால் பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் பேசுகிற தோரணை. ஒரு வித்தியாசம் உண்டு. தரகர் குறையை மறைப்பார். அண்ணன் மறைக்கமாட்டார். அதில்தான் வியாபாரமே படுத்தது.

பாங்கில் வேலை பார்க்கிற ஒரு சென்னைக்காரர் ஒரு நாள் வந்தார். கண்ணாடிக்குள் இருந்த கறுப்புக் கைப்பிடியைக் காட்டினார்.

"எடுத்துக்கங்க சார். நல்ல எடத்துப் பொருளு. கைக்கு அடக்கம். வேர்த்தாலும் வழுக்காது. ஒயர் தொல்லை கெடையாது. பந்தை உதைச்சா கையில அதிரும், நீங்களே உதைச்ச மாதிரி இருக்கும்."

"சரி, குடுங்க."

"இருங்க, குறையையும் கேட்டுட்டுப் போங்க. எட்டு மாசத்துல இந்த ரப்பரு பிசுபிசுன்னு ஆயிரும். இந்த ஊரு மழைக்கு ரப்பரு நிக்காது. சார்ஜு சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் இந்த எடது குச்சி இருக்கே, ஒரு நாள் தன்னால நகர ஆரம்பிச்சிரும். நீங்க கீழ வச்சிட்டுக் காப்பி குடிக்கப் போனாலும் உங்க ஆளு அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருப்பாரு."

சென்னைக்காரர் முகம் மாறியது. "அப்ப அந்த வெள்ளை?"

"வெள்ளை பார்க்க லட்சணம். பொத்தான் ஒவ்வொண்ணும் வெண்ணெய். ஆனா ஒயருள்ளது. ஒயரு ரெண்டு முழம்தான். டிவி மேல ஏறி ஒக்காந்துதான் ஆடணும்."

"அந்தச் செவப்பு?"

"அது பக்கத்துத் தெருவுல செஞ்சது. அதுக்கு நிறையே கெடையாது. அழகுக்கு வச்சிருக்கேன்."

சென்னைக்காரர் ஒன்றும் வாங்காமல் பைக் டாக்சி ஏறிப் போனார். அண்ணன் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசத்தைச் சொன்னா ஆளு ஓடிப்போறாரு பாத்தீகளா? நிறை, படிச்ச மனுசர். குறை, பொறுமை கெடையாது."

எல்லாவற்றுக்கும் இப்படித்தான். என் சாம்பாருக்கு அவர் கொடுத்த நிறை, "சூடா இருக்கு." குறை கேட்டபோது, "உக்காருங்க, சொல்றேன்" என்றார். உட்காரவில்லை.

இத்தனை தெரிந்தவர் ஆடினால் எப்படி ஆடுவார் என்று நினைக்கிறவர்கள் திங்கள்கிழமை வரவேண்டும். அன்றைக்கு முகம்மதுக்கு விடுமுறை. மசூதிக்குப் பக்கத்து ஓட்டலில் பிரியாணி மாஸ்டர், கீழக்கரைக்காரர், வாய் துடுக்கு. இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியோடு உட்காருவார்கள். ஐந்து நிமிஷத்தில் அண்ணனுடைய ஆள் பந்தை விட்டுவிட்டு மைதானத்து மூலையில் போய் நின்றுவிடுவார்.

"அண்ணே, உங்க ஆளு அந்தக் கொடிக்கம்புகிட்ட என்ன பண்றாரு? துணி காயப்போடுறாரா?"

"குச்சி இழுக்குது தம்பி."

"சரி, மாத்திக்கிடுவோம். இந்தாங்க என்னுது."

மாற்றிக்கொண்டார்கள். அண்ணனுடைய ஆள் இப்போது எதிர் மூலைக்குப் போனார். முகம்மது அண்ணன் விட்ட அதே கைப்பிடியில் நாலு கோல் போட்டார்.

"இப்ப எந்தக் குச்சி இழுக்குதுண்ணே?"

"ஒன் கை பட்டுப் பட்டு ரெண்டும் ஒனக்குப் பழகிப்போச்சு. என் கையைக் கண்டா கோவிச்சுக்கிது."

முகம்மது சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினார். அண்ணன் சிரிக்கவில்லை. கைப்பிடியைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். என்றைக்காவது தப்பித்தவறி ஒரு கோல் விழுந்துவிட்டால் மட்டும் குலுக்கமாட்டார். அன்றைக்கு அது அவர் கை வேலை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கைப்பிடிகளைப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, திருகாணி முடுக்கி மூடுகிறவர் அண்ணன் இல்லை. அவர் மனைவி வள்ளியம்மை ஆச்சி. அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியில், மூக்குக் கண்ணாடியோடு, மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் நெல் மாதிரி திருகாணிகள். அண்ணன் பழுது என்னவென்று உரக்கச் சொல்வார். ஆச்சி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் வேறொரு பழுதைச் சரிசெய்வார். கைப்பிடி ஓடும். "நான் சொன்னேன்ல?" என்பார் அண்ணன்.

ஆச்சி என்னிடம் ஒரு நாள் சொன்னார். "கல்யாணமாகி இருவத்தாறு வருசம் ஆச்சு. தப்புங்கற சொல்லு இவுக வாயில வந்து நான் கேட்டதில்லை. ஒருக்க கடற்கரைக்குப் போறோம்னு பஸ் ஏறி, எறங்கிப் பாத்தா நெல்லு வயலு. ஆத்தங்கரை ஊரு எதுக்கோ கொண்டாந்து விட்டுருச்சு. பஸ்ஸு மாறிட்டோம்னு சொல்லலாம்ல? 'டிரைவருக்கு வழி தெரியலை'ன்னாக. நெறஞ்ச பஸ்ஸு. அம்புட்டுப் பேரும் அந்த ஊருக்குப் போறவுக."

அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். "அந்த டிரைவரு முழியே சரியில்லை" என்றார்.

போன வருஷம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. இந்த ஊரில் எஞ்சியிருக்கிற நாங்கள் கொஞ்சப் பேர் மற்றதை விட்டாலும் அதை விடமாட்டோம். நான் கரண்டி, அரிவாள்மனை, கிரைண்டர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, சுண்டல் எடுத்துக்கொண்டு சோலோன் போனேன். அண்ணன் கூடத்துக் கைப்பிடிகள் பன்னிரண்டையும் வாழை இலையில் பரப்பியிருந்தார். ஒரு கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். பக்கத்தில் குங்குமம், திருநீறு. ஆனால் பொட்டு வைக்கவில்லை. விரலில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

அவர் யோசனை எனக்குப் புரிந்தது. ஸ்கூட்டருக்கு விளக்குக்கு மேலே வைப்போம். தராசுக்கு முள்ளுக்கு மேலே. கிரைண்டருக்கு எதிரில் நின்றால் எது முகமோ அங்கே. எந்தச் சாமானுக்கும் நெற்றி என்று ஒரு இடம் பழக்கத்தில் இருக்கிறது. கைப்பிடிக்கு நெற்றி எங்கே?

"நடுவுல வைங்க, அந்த எழுத்து இருக்கிற எடத்துல" என்றார் ஆச்சி.

"அது கம்பெனிக்காரன் பேரு. அடுத்தவன் பேரு மேல பொட்டு வைப்பாகளா?"

"அப்ப முதுகுல வைங்க."

"முதுகுல வைக்க அது என்ன மாடா?"

"எங்கதான் வைக்கப் போறீக? சந்தனம் காயுது."

அண்ணன் ஒரு கைப்பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "யோசிச்சுப் பாரு. ஆட்டத்துல மூளை எங்க இருக்கு? கட்டைவிரல்ல. கட்டைவிரலு எங்க ஒக்காருது? குச்சி மேல. அப்ப குச்சிதான் அதுக்கு நெத்தி. ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு நெத்தி."

கெட்டியாக வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் பன்னீர் விட்டுத் தளதளவென்று ஆக்கினார். பன்னிரண்டு கைப்பிடிக்கு இருபத்துநாலு பொட்டு. ஒவ்வொன்றும் நாலணா அகலம். அதன் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் திருநீறு. குச்சியின் தலை காளான் குடை மாதிரி இருக்கும். அதைச் சுற்றி ஒரு பள்ளம். சந்தனம் குடையிலிருந்து வழிந்து பள்ளத்துக்குள் போயிற்று.

"உள்ள எறங்குதே" என்றார் ஆச்சி.

"ஆத்தா உள்ள எறங்கட்டும். அதுக்குத்தானே பூசை?"

நான் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவள் மன்னிப்பாள்.

பொட்டு வைத்த பன்னிரண்டையும் புத்தகம் சாய்த்து வைக்கிற மாதிரி சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். அப்போது கோ ஹான் வந்தார். நாற்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசுவது வியட்நாமியம்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"சூ பே, நாளைக் காலையில் போட்டி இருக்கிறதே. ஒரு தரம் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுவோமா?" சூ என்றால் சித்தப்பா. பெத்தாச்சி என்பது அவர் வாயில் நுழையாமல் பே ஆகிவிட்டது.

"பூசையில ஒக்காந்த சாமானை எழுப்பக்கூடாது" என்றார் அண்ணன். "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். எங்க முறை அது."

முறை உண்மைதான். சாமி காரியம் என்றால் கோ ஹானும் மறுத்துப் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோவிலில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறவர் அவர். மூன்று ஊதுபத்தி கொளுத்தி, கைப்பிடிகளுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் போட்டி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெருவுக்கே தெரியும். மூலையில் புதிதாக ஒரு விளையாட்டுக் கூடம் வந்திருந்தது. சோபா, ஏசி, சுவர் அகல டிவி. கோ ஹானிடம் ஆட வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். ஒரு துணித் தொழிற்சாலைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். அவர்களும் மூலைக் கூடத்துக்குத்தான் போவதாக இருந்தார்கள். கோ ஹான் மூன்று நடை நடந்து கேட்டு வாங்கினார். நன்றாக நடந்தால் வாராவாரம் இங்கேயே வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நடக்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய்ச் சமையல் செய்யவேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னார்.

ஞாயிறு காலை இருபத்துநாலு பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் மோரும் வடையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் பட்டுக்கரை வேட்டி கட்டி, கைப்பிடிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரத்திலிருந்து எடுத்து, ஈரத்துணியால் மேலோடு துடைத்துக் கொடுத்தார். சந்தன வாசனை கமகமவென்று வந்தது. வாங்கினவர்கள் மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கியது.

முதல் டிவியில் ஒரு ஆள் காலுக்குப் பந்து வந்தது. அந்த ஆள் பந்தை உருட்டிக்கொண்டு நேரே கீழ்ப்பக்கக் கோட்டைத் தாண்டி மைதானத்தை விட்டு வெளியே போனான். எறிந்தார்கள். எதிர்க்கட்சி ஆள் வாங்கினான். அவனும் பந்தோடு கீழ்ப்பக்கம் வெளியே போனான். இரண்டாவது டிவியைப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, எல்லாம் அப்படியே. பந்து யார் காலுக்கு வந்தாலும் அவர் பஸ்ஸுக்கு நேரமானவர் மாதிரி ஓரத்துக்கு நடந்தார். கோல் பக்கம் ஒருவரும் போகவில்லை.

முதலில் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் சிரிப்பு நின்றது.

கோ ஹான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முதல் டிவியிடம் போனார். குனிந்து மேசைக் காலைப் பார்த்தார். "தரை சாய்வா இருக்கு" என்று ஒரு அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் சொருகினார். டிவிக்குள் இருந்த ஆள் தொடர்ந்து வெளியே நடந்துகொண்டிருந்தான். அண்ணன் இரண்டாவது மேசைக்கும் அட்டை சொருகினார்.

பிறகு கரண்ட் சரியில்லை என்றார். பிறகு, தொழிற்சாலைக்காரர்கள் கையில் எண்ணெய் இருக்கிறது என்றார். அவர்கள் என் வடையைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

"மூலைக் கடைக்கே போயிருக்கலாம்" என்றார் அவர்களில் தலைவர் மாதிரி இருந்தவர். மெதுவாகத்தான் சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டது.

அந்த நேரம் முகம்மது மதியத்துக்கான பிரியாணி தேக்சாவோடு வந்து இறங்கினார். டிவியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கைப்பிடியை வாங்கிக் குச்சியைத் தள்ளினார். அது கீழே போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை. விரலை மோந்தார். "ஆச்சி, அந்த ஸ்குரூ டிரைவரைக் குடுங்க."

ஆச்சி கொடுக்கவில்லை. தாமே கைப்பிடியை வாங்கிப் பிரித்தார். மேல்மூடி கழன்றதும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மஞ்சளாக, வெடிப்பு விட்டுக் காய்ந்து, குச்சியின் வேரைச் சுற்றிச் சந்தனம். சாய்த்து வைத்திருந்த பக்கம் முழுக்க வழிந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு. கோ ஹான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் அதற்கு ஊதுபத்தி காட்டினவர் அவர்.

"அண்ணே, ஆத்தா நல்லாவே எறங்கியிருக்கா" என்றார் முகம்மது. சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது, தேக்சாவை நகர்த்துகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

கோ ஹான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "சூ பே, இரண்டு மணி நேரம் இருந்தால் சுத்தம் செய்துவிடலாமா?" என்று ஆச்சியைப் பார்த்துக்கொண்டு அண்ணனிடம் கேட்டார். ஆச்சி தலையாட்டினார். "சரி. ஆனால் இவர்கள் இருக்க வேண்டுமே. என் கூடத்துச் சாமானே மட்டம் என்று நினைத்துவிட்டார்கள். நீங்கள் இவர்களிடம் சொல்லுங்கள், நான்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று. அது போதும், இருப்பார்கள். சொல்லமுடியாது என்றால் உங்கள் அலமாரியை இப்போதே எடுத்துவிடுங்கள்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். இருபத்துநாலு பேரும் திரும்பினார்கள்.

"சந்தனத்துல கலப்படம்" என்றார். "இப்பல்லாம் சுத்தமான சந்தனம் எங்க கெடைக்குது? முன்னெல்லாம் வச்சா..."

கோ ஹான் டயர் கடை ஆட்கள் இரண்டு பேரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர்கள் வந்து அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தொழிற்சாலைக்காரர்கள் நாலைந்து பேர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

ஆச்சி முக்காலியில் உட்கார்ந்து இரண்டாவது கைப்பிடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். தலை நிமிரவில்லை. அடங்கின குரலில் சொன்னார். "இங்கேருங்க. வாயில வரலைன்னா விடுங்க. வேற எப்படியாச்சும் சொல்லுங்க. அஞ்சாவது எடம் தேடி இனி நான் வரமாட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அந்த அம்மாள் அப்படிப் பேசி அண்ணன் கேட்டிருக்கமாட்டார். கையில் ஒரு கைப்பிடி வைத்திருந்தார். அதை மோந்து பார்க்கவில்லை, குலுக்கவில்லை. ஆச்சி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டினார். கூடத்து நடுவில் போய் நின்றார். ஆறு டிவிக்கும் முதுகைக் காட்டி, கோ ஹானையும் அந்த இருபத்துநாலு பேரையும் பார்த்துத் திரும்பினார். இடது கையால் வலது காதைப் பிடித்தார். வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது காதைப் பிடித்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார் தலைவர்.

ஆச்சி துடைத்துக்கொண்டே தமக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் பதில் சொன்னார். "தப்புச் செய்தவர்கள் பிள்ளையாருக்கு முன்னால் செய்வது. இன்றைக்கு உங்களுக்கு முன்னால் செய்கிறார்."

தலைவர் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார். பின்னாலிருந்தவர்களும் வைத்தார்கள். டயர் கடை ஆட்கள் கோ ஹான் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரியை இருந்த இடத்திலேயே இறக்கினார்கள்.

"போதும், சூ, போதும்" என்று கோ ஹான் இரண்டு கையையும் ஆட்டினார்.

மூன்றாவதுக்கு உட்கார்ந்தவரால் எழமுடியவில்லை. பாதியில் நின்று ஆடினார். "முழங்கால் சரியில்லை" என்று முணுமுணுத்தார். முகம்மது ஓடிவந்து கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டுமானால் காதை விடவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாமாகவே எழுந்து, காதை விடாமல், நாலாவதுக்கு உட்கார்ந்தார்.